பிந்தி விழுந்த தாளம்

2012-ஆம் வருடம், மே மாதம். மயிலாடிக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. அந்த வருடம் கோடை விடுமுறை விட்டபோது எங்கள் பள்ளிக்கூடத்து ஆசிரியர்கள் எல்லாரும் சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போனார்கள். நான் மட்டும் பயந்துகொண்டே போனேன். பள்ளிக்கூடம் இருந்தவரை பகலில் கொஞ்ச நேரமாவது வீட்டை மறக்க எனக்கு ஒரு சாக்கு இருந்தது. இனி ஒரு மாதம் முழுக்க என் கணவரும் நானும் ஒரு வாக்கரும்தான்.

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நான் உடற்கல்வி ஆசிரியை. பிள்ளைகள் வாயில் பி.டி. டீச்சர். பத்தொன்பது வருடமாக மைதானத்தில் நின்று 'லெஃப்ட், ரைட்' சொல்லித் தொண்டை காய்த்துப் போனவள். நூறு பிள்ளைகளின் கால் ஒன்றாகத் தரையில் விழுகிற சத்தத்தைப் போல எனக்குப் பிடித்த சத்தம் வேறு கிடையாது. அதில் ஒரே ஒரு கால் பிந்தி விழுந்தாலும், திரும்பி நின்றுகொண்டே அது எந்த வரிசை என்று சொல்லிவிடுவேன். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

அவர் எனக்கு நேர் எதிர். எதிலும் ஆற அமரத்தான். கல்யாணத்தன்று சர்ச்சுக்கே கால் மணி நேரம் பிந்தி வந்த மாப்பிள்ளை அவர். பெண் வந்து காத்து நிற்கிறது. பிறகு கேட்டால், ஷூவுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தேன் என்கிறார். இந்த மனிதர் வளைகுடாவில் பதினோரு வருடம் கம்பெனி பஸ் ஓட்டினார். அங்கே எப்படி நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தாரோ, அது கர்த்தருக்குத்தான் வெளிச்சம். 2006-ல் ஒரேயடியாகத் திரும்பி வந்து, எங்களுக்கு இருந்த ஐம்பது சென்ட் வயலைப் பார்த்துக்கொண்டு நிம்மதியாக இருந்தார்.

அந்தக் கோடைக்கு முந்தின நவம்பரில் ஒரு நாள் காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்துவிட்டார். ஸ்ட்ரோக். ஐம்பது வயதுகூட ஆகவில்லை. நாகர்கோவிலில் ஆஸ்பத்திரியில் இருபது நாள் கிடந்தோம். உயிர் பிழைத்தார். பேச்சு கொஞ்சம் குழறினாலும் புரிகிற மாதிரி திரும்பி வந்தது. இடது கையும் இடது காலும்தான் மாட்டேன் என்றன.

வாரம் இரண்டு நாள் பிசியோதெரபி செய்ய ஒரு அம்மா ஸ்கூட்டரில் வருவார். ஏறக்குறைய என் வயதுதான் இருக்கும். மே மாதம் பிறந்த சமயம், கிளம்பும்போது என்னை கேட் வரைக்கும் கூட்டிக்கொண்டு போய் மெதுவாகச் சொன்னார். கையிலும் காலிலும் பலம் ஓரளவுக்கு வந்துவிட்டதாம், நிற்கிறாராம், ஆனால் அடியெடுத்து வைக்க மாட்டேன் என்கிறாராம். இந்த மாதங்களில் திரும்பி வருவதுதான் பெரும்பாலும் நிலைக்கும், உட்கார்ந்தே பழகிவிட்டால் பிறகு எழுப்புவது ரொம்பக் கஷ்டம் என்றார். ஸ்கூட்டர் தெருமுனை திரும்பிப் போன பிறகும் நான் கேட்டைப் பிடித்துக்கொண்டே நின்றேன். என் கணவர் இனி எப்போதும் அந்த நாற்காலியில்தானா என்று அன்றைக்குத்தான் முதல் தடவையாக வாய்விட்டுக் கேட்டுக்கொண்டேன்.

பயம் வந்தால் நான் என்ன செய்வேன்? எனக்குத் தெரிந்ததைச் செய்வேன். மறுநாளே காலையும் மாலையும் பயிற்சி என்று நேரம் குறித்துவிட்டேன். அவரை வாக்கரைப் பிடிக்க வைத்து, எதிரே நின்றுகொண்டு, லெஃப்ட் என்பேன். அவர் முகம் சுருங்கும். பல்லைக் கடிப்பார். அந்த இடது கால் எழும்பலாமா வேண்டாமா என்று யோசிக்கும். அதற்குள் நான் ரைட் சொல்லியிருப்பேன். உடனே இரண்டு காலும் குழம்பிப்போய் அப்படியே நின்றுவிடும். நான் மறுபடி லெஃப்ட் என்பேன், இன்னும் சத்தமாக. காது கேட்காததா அவருக்குப் பிரச்சினை? ஆனாலும் சத்தமாகத்தான் சொன்னேன்.

நாலாம் நாள் மாலை அவர் தடுமாறிச் சாய்ந்து, நான் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, இரண்டு பேருமாகச் சுவரில் போய் மோதினோம். நாற்காலியில் உட்காரவைத்த பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னார்.

"விட்டிரு ஏட்டி. நான் இப்படியே கெடந்துக்கிடுதேன். ஒனக்கும் பாரம் கொறையும்."

அதற்குப் பிறகு ஒரு வாரம் வாக்கரைத் தொடவே இல்லை. நான் கெஞ்சினேன். கோபப்பட்டேன். பெங்களூரில் நர்சிங் படித்துக்கொண்டிருந்த மகளைப் போனில் பேச வைத்தேன். அவளிடம் சரி மக்களே, சரி மக்களே என்பார். போனை வைத்ததும் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வார்.

பிசியோதெரபி அம்மாதான் ஒரு யோசனை சொன்னார். ஏதாவது பாட்டைப் போட்டு, அந்தத் தாளத்துக்கு நடக்கச் சொல்லிப் பார்க்கலாமாம், சிலருக்கு அது பலன் தருமாம். பாட்டு என்றதும் அவர் இந்தப் பக்கம் திரும்பினார். கட்டிலுக்கு அடியில் தன்னுடைய கேசட் பெட்டி இருக்கிறதே, அதை எடு என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

ஏனென்றால் இதற்கு நடுவில் நான் ஒரு காரியம் செய்து வைத்திருந்தேன். எங்கள் பக்கத்தில் நெல் பால் பிடித்து முற்றும் சமயத்தில் கிளியும் சிட்டும் கூட்டமாக வந்து இறங்கும். அதை விரட்டப் பழைய கேசட்டுகளின் டேப்பை உருவி, வயலுக்குக் குறுக்கே கம்புக்குக் கம்பு இழுத்துக் கட்டுவார்கள். வெயிலில் அது மின்னும். காற்றடித்தால் ம்ம்ம் என்று முனகும். பறவை கிட்டே வராது. ஜனவரியில் அவர் படுக்கையில் கிடக்க, பயிர் முற்றி நிற்க, பக்கத்து வயல்காரர் வந்து, கிளி ஒரு மூலையையே தின்றுவிட்டது, வீட்டில் பழைய கேசட் கிடந்தால் கட்டுங்கள் டீச்சரே என்றார். கட்டிலுக்கு அடியில் அவர் வளைகுடாவிலிருந்து கொண்டுவந்த கேசட்டுகள் ஒரு அட்டைப்பெட்டி நிறைய இருந்தன. பழைய சினிமாப் பாட்டு, மலையாளப் பாட்டு, கிறிஸ்தவப் பாட்டு. அவர் அங்கே தனியாகக் கிடந்த காலத்தில் துணைக்கு வைத்திருந்தவை. அந்த நேரத்தில் இதெல்லாம் என் புத்தியில் ஏறவில்லை. யார் இப்போது கேசட் கேட்கிறார்கள் என்று இரண்டே சாயங்காலத்தில் எல்லாவற்றையும் உருவிக் கட்டிவிட்டேன். ஓட்டப்பந்தயத்துக்குக் கோடு போட்டுப் பழகிய கை இல்லையா, ஒரு வரிகூடக் கோணாது. விளைச்சல் நன்றாக இருந்தது. அறுப்பு முடிந்ததும் டேப்பைச் சுருட்டிக் குப்பையோடு கொளுத்தியாகிவிட்டது. அவரிடம் மூச்சு விடவில்லை.

இப்போது பெட்டியைக் கேட்கிறார். ஆறு மாதத்தில் அவராக ஆசைப்பட்டுக் கேட்டது அது ஒன்றுதான். எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை, தேடிப் பார்க்கிறேன் என்று பொய் சொன்னேன்.

பதிலுக்கு டிவியில் பாட்டு வைத்தேன். இப்போதைய பாட்டுகளின் வேகத்துக்கு நானே ஓட வேண்டும், அவர் எங்கே நடக்க? கீர்த்தனை பாடிப் பார்த்தேன். அது நீண்டு நீண்டு போயிற்று. அவர் கண்ணை மூடி ஜெபத்தில் உட்கார்ந்துவிட்டார். நடக்கிற யோசனையே அவருக்கு இல்லை. பெட்டியைப் பற்றி இரண்டு தடவை கேட்டார். மூன்றாவது நாள் கேட்பதையும் நிறுத்திவிட்டார். அது எனக்கு இன்னும் மோசமாக இருந்தது.

அந்தக் கோடையில் கரண்ட் கட் எப்படி இருந்தது என்று தமிழ்நாட்டில் எல்லாருக்கும் நினைவிருக்கும். வந்தால்தான் செய்தி. ஒரு நாள் மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் போய்விட்டது. ஃபேன் இல்லை, டிவி இல்லை. அவர் நாற்காலியில் வியர்த்து வடிய உட்கார்ந்திருந்தார். நான் விசிறி வீசிக் கை ஓய்ந்து, ரேடியோவாவது கேட்கட்டும் என்று அலமாரி மேலிருந்த பழைய டேப்ரிக்கார்டரை இறக்கினேன். ரேடியோவும் டேப்பும் சேர்ந்தது, அவர் கடைசியாக வந்தபோது வாங்கி வந்தது. தூசியைத் துடைத்து, கடையிலிருந்து பெரிய பாட்டரி ஆறு வாங்கி வந்து போட்டேன். கண்ணாடி இல்லாமல் ஏதோ ஒரு பொத்தானை அழுத்தினேன்.

ரேடியோ வரவில்லை. பாட்டு வந்தது.

உள்ளே ஒரு கேசட் மாட்டிக்கொண்டு கிடந்திருக்கிறது. மூடி திறக்கிற பொத்தான் உடைந்து வருடக்கணக்காயிற்று. அதனால்தான் அது என் கைக்குத் தப்பி, வயலுக்குப் போகாமல் பிழைத்திருக்கிறது. கேட்டதும் எனக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. அது எங்கள் வீட்டில் யாருக்கும் பிடிக்காத கேசட். வளைகுடாவில் நடைபாதைக் கடையில், அட்டையில் தென்னை மரமும் கடலும் இருப்பதைப் பார்த்து மலையாளப் பாட்டு என்று நினைத்து வாங்கி வந்திருந்தார். போட்டுப் பார்த்தால் எந்தத் தீவுக்காரர்களோ பாடின இங்கிலீஷ் பாட்டு. வந்த புதிதில் ஒரே தடவை போட்டார். நான்தான், என்ன பாட்டு இது, நடுநடுவே ஆள் தூங்கிப் போகிற மாதிரி இருக்கிறது என்று நிறுத்தச் சொன்னேன். அதோடு சரி. ஆறு வருடம் யாரும் அதை நினைக்கவில்லை.

இப்போது அது இன்னும் மோசமாக, இழுத்து இழுத்துப் பாடியது. பெல்ட் தளர்ந்துவிட்டது போல. டிரம் ஒரு அடி விழும். பிறகு ஒரு சின்ன இடைவெளி, இனி வராதோ என்று தோன்றும். அப்போதுதான் கிட்டார் 'சக்' என்று விழும். பக்கத்து வீட்டில் பெரிய அண்டாவை நகர்த்துகிற மாதிரி அடியில் ஒரு கனமான சத்தம் போய்க்கொண்டே இருந்தது. ஜலதோஷம் பிடித்த குரலில் ஒருவன் அவசரமே இல்லாமல் பாடினான். பின்னால் இரண்டு பெண்கள் அவனுக்குப் பதில் சொன்னார்கள். நான் நிறுத்தப் போனேன்.

"நிறுத்தாத" என்றார் அவர்.

திரும்பினேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, தன் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாற்காலிக்குக் கீழே அந்த இடது பாதம் லேசாக எழும்பி விழுந்துகொண்டிருந்தது. டிரம்மோடு இல்லை. டிரம் போன பிறகு, அந்த 'சக்' வருகிற இடத்தில்.

எழுப்பிவிடு என்று கையை நீட்டினார். வாக்கரைக் கொண்டுவந்து வைத்தேன். ஒரு பாட்டு முடிந்து அடுத்தது ஆரம்பிக்கும் வரை சும்மா நின்றார். பிறகு டிரம் விழும்போது வாக்கரை நகர்த்தினார். அந்த இடைவெளியில் இடது கால் எழும்பியது, வழக்கம்போல யோசித்தது, 'சக்' என்ற இடத்தில் தரையில் வந்து உட்கார்ந்தது. பிறகு வலது. மறுபடி வாக்கர். மறுபடி இடது. என் வாய் சும்மா இருக்குமா? என்னையறியாமல் லெஃப்ட் என்றேன். கால் அந்தரத்தில் நின்றுவிட்டது.

"ஏட்டி, நீ மிண்டாம இரி" என்றார்.

பத்தொன்பது வருடத்தில் யாரும் என்னை வாயை மூடச் சொன்னதில்லை. இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு பின்னாலேயே போனேன், விழுந்தால் பிடிக்க. அவர் விழவில்லை. நாற்காலியிலிருந்து அடுப்படி வாசல் வரைக்கும் போய், நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். சட்டையெல்லாம் தொப்பலாக நனைந்திருந்தது. பெருமூச்சு விட்டு, தண்ணீர் கேட்டார். நான் தண்ணீர் எடுக்கப் போனவள் தவலைக்கு முன்னால் நின்று அழுதேன். சத்தம் வராமல் அழுதேன், பாட்டு ஓடிக்கொண்டிருந்ததே.

அந்த நேரம் எனக்கு எதுவும் விளங்கவில்லை. மறுநாள் காலையில்தான் விளங்கியது. அவரை நடக்க எழுப்பும்முன் நானும் அந்தப் பாட்டுக்கு நடந்து பார்ப்போமே என்று அடுப்படியில் நின்று முயற்சி செய்தேன். முடியவில்லை. டிரம் விழுந்ததும் என் கால் போய்விடுகிறது. 'சக்' வரும்போது நான் ஏற்கெனவே வைத்துவிட்டு நிற்கிறேன். இழுத்துப் பிடித்தால் அடி தடுமாறுகிறது. மாவட்டப் போட்டிக்கெல்லாம் அணிவகுப்புப் பழக்கிக் கொடுத்தவள், என் அடுப்படியில் எட்டு அடி ஒழுங்காக வைக்க முடியாமல் அம்மிக்கல்லில் இடித்துக்கொண்டேன். நாற்காலியில் இருந்தபடியே அவர் இதைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். "பைய வை, பைய வை" என்றார், எனக்குச் சொல்லிக்கொடுக்கிற மாதிரி.

அவருடைய மூளையிலிருந்து காலுக்குச் செய்தி போய்ச் சேரக் கொஞ்சம் நேரம் பிடிக்கிறது, அவ்வளவுதான் விஷயம். நான் எண்ணின எண்ணிக்கையில் அந்தக் கொஞ்ச நேரத்துக்கு இடமே இல்லை. கால் வந்து சேரும்போது நான் அடுத்ததைச் சொல்லிவிட்டு, பிந்திவிட்டாய் என்று முறைத்துக்கொண்டு நிற்பேன். அந்தப் பாட்டில் பிந்தி வருவதுதான் சரியான இடம். அதற்காகவே ஒரு இடைவெளியை விட்டு, அந்த ஜலதோஷக் குரல்காரன் காத்திருக்கிறான். வார்த்தை ஒன்றுகூட விளங்காத பாட்டிலிருந்து எனக்கு இது விளங்கியது.

அதன் பிறகு தினமும் காலையும் மாலையும் அந்தக் கேசட்தான். கேசட்டை வெளியே எடுக்க முடியாது என்பதால், மறுபக்கம் திருப்பிக்கூடப் போட முடியவில்லை. ஒரே பக்கம், ஐந்தே பாட்டு, திரும்பத் திரும்ப. முதல் பாட்டு அடுப்படி வரைக்கும். நாலாவது பாட்டு கொஞ்சம் துள்ளலாக இருக்கும், அதில் உட்கார்ந்து இளைப்பாறுவார். ஆறு வருடத்துக்கு முன் தூக்கம் வருகிறது என்று நான் சொன்ன அதே பாட்டுகள், பதினைந்து நாளில் எனக்கு மனப்பாடம். சமைக்கும்போது அந்த இரண்டு பெண்களோடு சேர்ந்து நானும் பின்பாட்டுப் பாட ஆரம்பித்தேன். மகளுக்குப் போனில் கேட்க வைத்தோம். இந்த மாதிரித் தாளத்துக்கு ரெக்கே என்று பெயர் அம்மா, இவர்கள் அதைக் கலந்து பாடுகிறார்கள் என்று சொன்னாள். யார் என்று இணையத்தில் தேடியும் அவளுக்கு ஒன்றும் அகப்படவில்லை. யாரும் கேட்காமலே போன ஒரு கேசட், அவ்வளவுதான். டேப்ரிக்கார்டரைப் பார்த்த மெக்கானிக், பெல்ட் மாற்றினால் வேகம் சரியாகிவிடும் என்றார். தொடவே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

நன்றாக நடக்க ஆரம்பித்த சந்தோஷத்தில் ஒரு நாள் அவர் மறுபடி அந்தக் கேள்வியைக் கேட்டார். இந்த ஒரு கேசட்டுக்கே இப்படி என்றால், மற்றதெல்லாம் கிடைத்து வேறொரு டேப்ரிக்கார்டரில் போட்டால் தெரு வரைக்கும் போய்விடுவேன், பெட்டி கிடைத்ததா என்றார். இனி மறைக்க முடியாது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, கிளி வந்தது முதல் டேப்பைக் கொளுத்தியது வரை எல்லாவற்றையும் சொன்னேன். பாலைவனத்தில் பதினோரு வருடம் அவருக்குத் துணையாக இருந்த பாட்டையெல்லாம் ஒரு வார்த்தை கேட்காமல் வயலில் கட்டிவிட்டேன் என்று சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை, தரையைப் பார்த்துச் சொன்னேன். ஒருவேளை இதற்காக அவர் மறுபடி வாக்கரைத் தள்ளிவிட்டால் என்ன செய்வது என்ற பயமும் இருந்தது.

வழக்கம்போலப் பதில் வந்து சேர நேரம் எடுத்தது. நானும் அவசரப்படுத்தவில்லை.

"எல்லாத்தையுமா கட்டுன?"

எல்லாவற்றையும்தான் என்று தலையாட்டினேன்.

"கிளியாவது கேட்டுதா?"

முதலில் எனக்குப் புரியவில்லை. நிமிர்ந்து பார்த்தேன். அவர் தோள் குலுங்கியது. வாயின் ஒரு பக்கம் மட்டும் மேலே போய், இன்னொரு பக்கம் கொஞ்சம் பிந்தி மேலே போயிற்று. நவம்பருக்குப் பிறகு அவர் சிரித்து நான் பார்ப்பது அன்றைக்குத்தான். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. நெஞ்சில் ஆறு மாதமாக ஏறி உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று இறங்கிப் போன மாதிரி இருந்தது. ரொம்ப நேரம் இரண்டு பேரும் பைத்தியங்கள் போலச் சிரித்துக்கொண்டிருந்தோம். விளைச்சல் எப்படி என்று பிறகு கேட்டார். நல்ல விளைச்சல் என்றேன். அப்போ சரி என்றார்.

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்த அன்று, வாக்கர் இல்லாமல் கைத்தடியை மட்டும் ஊன்றிக்கொண்டு, கேட் வரைக்கும் வந்து என்னை வழியனுப்பினார். பாட்டு எதுவும் ஓடவில்லை. வாய்க்குள்ளேயே 'சக்' என்று சொல்லிக்கொண்டு வந்தார். எனக்கு அன்றைக்கு முதல் மணிக்குப் பிந்திவிட்டது. பத்தொன்பது வருடத்தில் முதல் தடவை. தலைமையாசிரியர் கடிகாரத்தைப் பார்த்தார். நான் கவலைப்படவில்லை.

இப்போது அவர் தடியும் இல்லாமல் வயல் வரைக்கும் தனியாகப் போய்வருகிறார். அந்தக் கோடையை நினைக்கும்போதெல்லாம், அவர் நடக்கத்தான் முயன்றுகொண்டிருந்தார், நான்தான் ஒவ்வொரு தடவையும் முந்திக்கொண்டு எண்ணி அவரை நிறுத்தி வைத்திருந்தேன் என்பது உறுத்துகிறது. அன்றைக்கு மத்தியானம் அந்தக் கரண்ட் போகாமல் இருந்திருந்தால் எங்கள் கதி என்ன ஆகியிருக்கும் என்று நினைத்து, ஊரே திட்டிய அந்தக் கரண்ட் கட்டுக்கு நான் மட்டும் இன்றைக்கும் மனதுக்குள் நன்றி சொல்லிக்கொள்கிறேன்.